வடகிழக்கு மூலையில் கோழிகள்

அக்கா தொலைபேசியில் அழைத்தபோது சின்னவள் இருபதாயிரம் மணல்துகள்களை ஒரு புனல் வழியாகக் கொட்டிக்கொண்டிருந்தாள். நிஜ மணல் அல்ல, கணினித் திரையில் ஓடும் கணக்கு மணல். பதினொரு வருடமாக ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு அதுதான் வேலை. மணல், மாத்திரை, தானியம், வாசலில் முண்டியடிக்கும் கூட்டம் என்று நெருக்கமாக இருக்கிற எதுவானாலும் சரி, அது எப்போது ஓடும், எப்போது சிக்கிக்கொண்டு நிற்கும் என்று சமன்பாடு எழுதுவாள். இதைக் குடும்பத்தில் யாருக்கும் விளங்கவைக்க அவளால் முடிந்ததில்லை. அக்காவின் கணவர் ஒருமுறை அரைமணி நேரம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அவளுக்கு மணல் டாக்டர் என்று பெயர் வைத்தார். அதோடு விளக்கம் கேட்பதை எல்லோரும் நிறுத்திவிட்டார்கள்.

அக்கா சொன்ன விஷயம் இது. கோழிகள் செத்துக்கொண்டிருக்கின்றன. அக்காவும் மாமாவும் முட்டைக்கோழிப் பண்ணை வைத்திருந்தார்கள். கூண்டு கிடையாது. எழுபது மீட்டர் நீளக் கொட்டகையில் ஆறாயிரம் கோழிகள் மரத்தூள் பரப்பிய தரையில் இஷ்டம்போல் நடந்து, கிளறி, சண்டை போட்டு, நினைத்தபோது பெட்டிக்குள் போய் முட்டையிடும். மூன்று மாதமாக மத்தியான நேரத்தில் அவை வடகிழக்கு மூலையில் போய்க் குவிகின்றன. ஒன்றின் மேல் ஒன்று ஏறுகிறது. அடியில் மாட்டிக்கொண்டவை மூச்சு முட்டிச் சாகின்றன. ஒருநாள் பத்து, ஒருநாள் முப்பது, சில நாட்களில் ஒன்றுமில்லை. கால்நடை மருத்துவர் வந்து அறுத்துப் பார்த்தார். நோய் எதுவும் இல்லை, கோழிகள் சில சமயம் இப்படிச் செய்வதுண்டு என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

"எல்லாம் எப்படி நெருக்கிக்கிட்டு நிக்குதுன்னுதானே இத்தனை வருஷமா படிக்கிறே," என்றாள் அக்கா. "வந்து இதையும் பாரேன். அந்த மணலு நீ வர்ற வரைக்கும் சாகாம இருக்கும்."

சின்னவள் இரண்டு வார விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, நான்கு கேமராக்களையும் ஒரு மடிக்கணினியையும் எடுத்துக்கொண்டு புறப்பட்டாள்.

உயிருள்ள எதையும் தன் வேலைக்காக அவள் அதுவரை தொட்டதில்லை. கொட்டகை வாசலில் ரப்பர் பூட்ஸ் மாட்டி, மருந்துத் தண்ணீரில் காலை நனைத்து, வெள்ளை மேலங்கி போட்டுக்கொண்டு உள்ளே நுழைந்ததும் கண் எரிந்தது. சத்தம் காதை அடைத்தது. ஆறாயிரம் தலைகள் ஒரே நேரத்தில் அவள் பக்கம் திரும்பின. எந்தக் கருத்தரங்கிலும் அவளை இவ்வளவு பேர் இவ்வளவு கூர்ந்து பார்த்ததில்லை.

கொட்டகை சூப்பர்வைசர் அவளைவிட நாலைந்து வயது மூத்தவர். பன்னிரண்டு வருடமாக அங்கே இருந்தார். எதையும் உடனே மறுக்கவும் மாட்டார், உடனே நம்பவும் மாட்டார். கோழிகளை என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டார். சின்னவள் உற்சாகமாக விளக்கினாள். ஒவ்வொரு கோழியையும் பன்னிரண்டு சென்டிமீட்டர் ஆரமுள்ள வட்டமாக எடுத்துக்கொள்ளப் போகிறாள். ஒவ்வொரு வட்டத்துக்கும் மூன்றே விதிகள்: பக்கத்தில் இருப்பதை இடிக்காதே, பக்கத்தில் இருப்பவை போகும் திசையில் போ, பயந்தால் ஓடு. இந்த மூன்றையும் கணினியில் போட்டு ஆறாயிரம் வட்டங்களை விட்டால், குவியல் எங்கிருந்து வருகிறது என்பது தானாகத் தெரிந்துவிடும்.

சூப்பர்வைசர் கடைசி வரை கேட்டார். "வட்டத்துக்கு அலகு எங்க மேடம் வரும்?" என்றார்.

முதல் கட்டத்தில் அலகு தேவைப்படாது என்றாள் சின்னவள். அதற்குள் ஒரு கோழி அவள் மேலங்கியின் மூன்றாவது பொத்தானைப் பிடுங்கி விழுங்கியிருந்தது.

மறுநாள் அறுபது கோழிகளின் முதுகில் நீலச் சாயத்தில் எண் எழுதினார்கள். சிவப்பு கூடவே கூடாது, மற்றவை கொத்தியே கொன்றுவிடும் என்று சூப்பர்வைசர் தடுத்திருந்தார். அவர் பிடித்துக் கொடுக்க, அவள் தூரிகையால் எழுதினாள். முப்பதுக்குப் பிறகு அவள் எழுதிய எண்கள் எல்லாம் ஒரே மாதிரி இருந்தன. கூரைக்கம்பிகளில் கேமராக்களைக் கட்டினார்கள். இரண்டாம் நாள் சாயங்காலமே சின்னவளின் முதல் மாதிரி தயாராகிவிட்டது. சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியைத் திறந்து எல்லோருக்கும் காட்டினாள். ஆறாயிரம் வட்டங்கள் முதலில் கலைந்து திரிந்தன. பிறகு மெல்ல ஒன்றுசேர்ந்து, கொட்டகை நடுவில் பெரிய வளையமாகி, சுற்ற ஆரம்பித்தன. பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. 

இப்படிச் சுற்றுகிற ஒரு கோழியைக்கூடத் தான் பார்த்ததில்லை என்று சூப்பர்வைசர்தான் முதலில் சொன்னார். அக்கா பெருமூச்சு விட்டாள். மாமா மட்டும் திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல், நம்முடைய கோழிகளுக்கு இதைப் பழக்க முடியுமா என்று கேட்டார்.

மாமா கனத்த உடம்புக்காரர், மென்மையான மனுஷர். இரண்டு வருடம் முன்பு சர்க்கரை என்று மருத்துவர் சொன்ன நாளிலிருந்து அக்கா அவர் தட்டைக் காவல் காத்து வந்தாள். வேகவைத்ததும் உப்புக் குறைந்ததுமாகத்தான் அவருக்குக் கிடைத்தது. அவர் ஒரு வார்த்தை முணுமுணுத்ததில்லை. இவ்வளவு கட்டுப்பாடாக இருந்தும் சர்க்கரை ஏன் இறங்க மாட்டேனென்கிறது என்பது அக்காவின் தீராத குறை. கோழிகள் செத்த நாட்களில் குவியலைப் பிரித்து ஒவ்வொன்றாக வெளியே எடுப்பவரும் மாமாதான். வேறு யாரையும் செய்ய விடமாட்டார். அன்று இரவு அந்த வேகவைத்ததையும் சாப்பிடாமல் படுத்துவிடுவார்.

ஒரு வாரப் படங்களை ஓட்டிப் பார்த்ததில் விஷயம் கொஞ்சம் தெளிந்தது. தினமும் இரண்டே முக்காலுக்கு ஐந்து நிமிஷம் முன்னதாக, கொட்டகையின் கிழக்குப் பாதியில் ஒரு அசைவு தொடங்கியது. கிளறிக்கொண்டிருந்த கோழிகள் தலையைத் தூக்கின. பத்துப் பன்னிரண்டு கோழிகள் வடகிழக்கு மூலைக்கு நடந்தன. அவற்றின் பின்னால் ஐம்பது, ஐம்பதின் பின்னால் ஐந்நூறு. கால்மணி நேரத்தில் மூலை நிறைந்தது. பெரும்பாலான நாட்களில் பிறகு தானாகவே கலைந்தது. சில நாட்களில் கலையவில்லை. அந்த நாட்களில்தான் சாவு.

கலைவதற்கும் கலையாமல் போவதற்கும் நடுவே இருந்த கோடு சின்னவளுக்கு உடனே பிடிபட்டது. அவளுடைய மணலில் இருக்கிற அதே கோடு. சதுர மீட்டருக்குப் பதினெட்டு கோழிகள் வரை கூட்டம் தளர்வாக இருந்தது. பதினெட்டைத் தாண்டியதும், புனல் வாயில் மணல் ஒன்றுக்கொன்று முட்டுக்கொடுத்து நிற்பது போல, கோழிகள் பூட்டிக்கொண்டன. முன்னால் இருப்பது திரும்ப முடியாது, பின்னால் இருப்பதற்கு அது தெரியாது. பதினொரு வருட உழைப்பு ஓர் உயிருள்ள பிராணிக்குப் பொருந்தியதை அவள் முதல்முறையாகப் பார்த்தாள். எழுந்து போய் அக்காவைக் கட்டிக்கொண்டாள். அக்கா என்ன ஏதென்று பயந்துவிட்டாள்.

ஆனால் அந்தப் பன்னிரண்டு கோழிகள் ஏன் அங்கே போகின்றன? அதற்குப் பதில் இல்லை. போதாததற்கு இன்னொரு புதிர். வியாழக்கிழமை அசைவே இல்லை. பழைய சாவுப் பதிவேட்டை எடுத்துப் பார்த்தால், மூன்று மாதத்தில் ஒரு வியாழக்கிழமைகூட ஒரு கோழியும் அந்த மூலையில் சாகவில்லை. சின்னவளுக்குத் தூக்கம் போயிற்று. கோழிக்குள் ஏழு நாள் கடிகாரம் ஒன்று இருக்கக்கூடும் என்று இரண்டு பக்கம் எழுதினாள். உலகத்தில் யாரும் இதுவரை சொல்லாதது. காலையில் அதை சூப்பர்வைசரிடம் சொன்னபோது அவர் யோசித்துவிட்டு, வியாழக்கிழமைதான் முதலாளியம்மா முட்டை ஏற்றிக்கொண்டு கடைகளுக்குப் போகிற நாள் என்றார்.

சின்னவள் அந்த இரண்டு பக்கத்தையும் கிழித்தாள். பிறகு, விஞ்ஞானிக்கு உரிய துணிச்சலோடும் தங்கைக்கு உரிய புத்திக்குறைவோடும், நேரே அக்காவிடம் போய், கோழிகள் உன்னைப் பார்த்துத்தான் பயப்படுகின்றன, நீ இல்லாத நாளில் நிம்மதியாக இருக்கின்றன என்று எண்களோடு நிரூபித்தாள்.

அக்கா எண்களைப் பார்த்தாள். தங்கையைப் பார்த்தாள். "குஞ்சா வந்ததுலேர்ந்து நான் வளர்த்தது. என்னைப் பார்த்து அதுங்க பயப்படுதா?" என்றாள். அவ்வளவுதான் பேசினாள். அன்று பாத்திரம் முழுவதையும் சின்னவள்தான் கழுவினாள். மறுநாளும்.

இருந்தாலும் அக்கா நியாயமானவள். இரண்டு நாள் கொட்டகைப் பக்கமே வராமல் மேற்குக் கோடியில் இருந்த அலுவலக அறையிலேயே உட்கார்ந்திருந்தாள். இரண்டு நாளும் அதே நேரத்தில், அதே மூலையில், அதே கூட்டம். அக்கா குற்றமற்றவள் என்று தங்கை எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. அக்கா அதை அலுவலகச் சுவரில் ஒட்டிவைத்தாள்.

பயம் என்ற விதியையே சின்னவள் சந்தேகிக்க ஆரம்பித்தது அப்போதுதான். படங்களில் கோழிகள் ஓடவில்லை. நடந்தன, அதுவும் கழுத்தை நீட்டிக்கொண்டு. சூப்பர்வைசர் அவளோடு உட்கார்ந்து பார்த்துவிட்டு, இதில் பயம் எங்கே இருக்கிறது என்றார். "ஒரு கோழி நின்னு எதையோ பார்க்குது. பின்னாடி வர்றது, இது எதைப் பார்க்குதுன்னு பார்க்குது. அதுக்கும் பின்னாடி வர்றதுக்குக் காரணமே வேணாம் மேடம். ரோட்டுல நம்ம ஆளுங்க கூடுறதில்லையா, அப்படித்தான்."

சின்னவள் அதை இன்னொரு தடவை மெதுவாகச் சொல்லச் சொல்லி, கேட்கக் கேட்க எழுதிக்கொண்டாள். பயத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வேடிக்கை பார்த்தல் என்ற விதியைப் போட்டாள். பன்னிரண்டு கோழிகளுக்கு மட்டும் ஏதோ தெரியும், மற்றவற்றுக்கு ஒன்றும் தெரியாது என்று வைத்துக்கொண்டு ஓட்டினாள். திரையில் வளையம் வரவில்லை. பன்னிரண்டு வட்டங்கள் நகர்ந்தன, ஐம்பது தொடர்ந்தன, ஐந்நூறு தொடர்ந்தன, பதினாறாவது நிமிஷத்தில் மூலை பூட்டிக்கொண்டது. அச்சு அசல் அதேதான். சூப்பர்வைசர் முதல்முறையாக நாற்காலியை முன்னே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். தன் வார்த்தை திரையில் நடப்பதைப் பார்த்த சந்தோஷம் அவர் முகத்தில் தெரிந்தது. ஆனால் அலகு இன்னும் வரவில்லை என்றார்.

அடுத்த வேலை, தெரிந்த கோழிகளைக் கண்டுபிடிப்பது. நீல எண் போட்டவற்றில் இருபத்து மூன்றாம் கோழி எப்போதும் முதலில் போனது. பதினொன்றும் எட்டும் பின்னாலேயே போயின. அவை தலையைத் தூக்குகிற அந்த முதல் நொடியில் எந்தப் பக்கம் பார்க்கின்றன என்று பத்து நாள் படங்களில் இருந்து அம்புக்குறி போட்டாள் சின்னவள். ஒரு கோழி பார்ப்பதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. பத்து நாள், பன்னிரண்டு கோழி, எல்லா அம்புகளையும் நீட்டினால் அவை சந்திக்கும் இடம் ஒன்று இருக்க வேண்டும். இருந்தது. கொட்டகைக்குள் அல்ல. கிழக்குச் சுவரைத் தாண்டி, வெளியே, ஒன்றரை மீட்டர் தள்ளி. நாற்பது சென்டிமீட்டர் முன்பின் இருக்கலாம்.

சுவருக்கு வெளியே அந்த இடத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டாள். சூப்பர்வைசர் தண்ணீர்த்தொட்டி என்றார். தொட்டிக்கும் சுவருக்கும் நடுவே ஒரு சந்து. அங்கே யாரும் போவதில்லை. கொட்டகையைக் கழுவிவிடும் தண்ணீர் வெளியேற, சுவரின் அடியில் ஒரு கை நுழையும் அளவுக்கு ஓட்டை உண்டு. அவரும் அந்த நேரத்தில் அந்தப் பக்கம் வந்ததில்லை. மத்தியானம் முட்டைத் தட்டுகளை மேற்கு வாசலில் அடுக்கும்படி முதலாளி சொல்லியிருந்தார். இந்தப் பக்கம் தரை வழுக்கும் என்று அக்கறையாகச் சொன்னாராம்.

மறுநாள் இரண்டே முக்காலுக்கு இருவரும் அளவு நாடாவோடு கிளம்பினார்கள். வடசுவர் ஓரமாக நடந்து மூலையில் திரும்பி, சூப்பர்வைசர் நாடாவின் ஒரு முனையை ஓட்டைக்கு நேரே சுவரில் அழுத்திப் பிடித்தார். சின்னவள் மறுமுனையை இழுத்துக்கொண்டு, எண்ணைப் பார்த்தபடியே பின்னால் நகர்ந்து தொட்டியின் மறைவுக்குள் போனாள். ஒரு மீட்டர். ஒன்று இருபது. ஒன்று நாற்பத்தைந்தில் நாடா எதன் மேலோ முட்டி நின்றது. நிமிர்ந்தாள். மாமாவின் முழங்கால்.

கவிழ்த்துப்போட்ட வாளியின் மேல் மாமா உட்கார்ந்திருந்தார். மடியில் கிரீம் பிஸ்கட் பாக்கெட். ஒரு கையில் பாதி கடித்த பிஸ்கட். மறு கை வீசிய துண்டு அப்போதுதான் ஓட்டைக்கு அருகில் விழுந்தது. ஓட்டைக்கு உள்ளேயிருந்து ஒரு அலகு வெளியே வந்து, அந்தத் துண்டை மரியாதையாக எடுத்துக்கொண்டு உள்ளே போயிற்று.

 மாமா வாயில் இருந்ததை மென்று முடிக்க வேண்டியிருந்தது. சூப்பர்வைசர் நாடாவைச் சுருட்ட ஆரம்பித்தார். ஓர் ஆளுக்கு அந்தச் சமயத்தில் செய்ய ஏதாவது வேலை தேவைப்பட்டது.

பிறகு மாமா நடந்ததைச் சொன்னார். நாலு மாதம் முன்பு ஆரம்பித்த பழக்கம். ஒரு நாளைக்கு ஐந்து பிஸ்கட், அதற்கு மேல் இல்லை. வீட்டில் தின்ன முடியாது. வியாழக்கிழமை மட்டும் வீட்டிலேயே, நாற்காலியில் உட்கார்ந்து, கௌரவமாகத் தின்பார். முதல் மாதம் தனியாகத்தான் தின்றார். ஒருநாள் ஒரு துண்டு தவறி ஓட்டைப் பக்கம் விழ, ஒரு கோழி அதை எடுத்தது. தனியாகத் திருட்டுத்தனம் செய்வதைவிடத் துணையோடு செய்வது மனசுக்கு இதமாக இருந்தது. அன்று முதல் நாலு பிஸ்கட் அவருக்கு, ஒன்று அவற்றுக்கு. கடைசியில் அதைச் சொல்லும்போது அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

அவருக்கு இன்னும் உறைக்கவில்லை என்று சின்னவளுக்குப் புரிந்தது. பாக்கெட் சரசரக்கிற சத்தம், தலை தூக்குகிற பன்னிரண்டு கோழிகள், பின்னால் வருகிற ஐந்நூறு என்று நிதானமாகச் சொன்னாள். உள்ளே அந்த நேரம் கூட்டம் சேர்ந்துகொண்டிருந்தது. சுவர் வழியாகவே இரைச்சல் கேட்டது. மாமா சுவரைப் பார்த்தார். கையிலிருந்த பிஸ்கட்டைப் பார்த்தார்.

"நானாம்மா?" என்றார். "போன வெள்ளிக்கிழமை முப்பத்தொண்ணு. நான்தானே ஒண்ணொண்ணா எடுத்து வெச்சேன்."

அவருக்குத் தெரிந்திருக்க வழியே இல்லை என்றாள் சின்னவள். தெரியாத ஒரு கோழிக்குத் தெரிந்த கோழி எப்படியோ, அப்படித்தான் இது என்று ஏதோ உளறினாள். மாமா பாக்கெட்டை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு, இனிமேல் இந்தப் பக்கமே வரமாட்டேன் என்றார். கொஞ்ச நேரம் கழித்து, தணிந்த குரலில், கோழி விஷயத்தை அக்காவிடம் சொல்லலாம், பிஸ்கட் விஷயத்தை மட்டும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். ஒன்றைச் சொல்லாமல் மற்றதை எப்படிச் சொல்வது என்று சின்னவளுக்குத் தெரியவில்லை. அன்று சாயங்காலம், குவியலுக்குக் காரணம் ஒரு வெளிப்புறத் தூண்டுதல், அது நீக்கப்பட்டுவிட்டது என்று அக்காவிடம் சொன்னாள். அப்படியென்றால் என்ன என்று அக்கா கேட்டாள். ஒருவகைச் சத்தம் என்றாள். மாமா தன் தட்டை மட்டும் பார்த்துக்கொண்டு சாப்பிட்டார்.

பிரச்சினை தீர்ந்தது என்றுதான் மூவரும் நினைத்தார்கள். கோழிகள் அப்படி நினைக்கவில்லை.

மறுநாள் இரண்டு நாற்பதுக்கு அந்தப் பன்னிரண்டும் மூலைக்கு வந்து ஓட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றன. சத்தம் வரவில்லை. பிஸ்கட் வரவில்லை. முன்பெல்லாம் துண்டு தீர்ந்ததும் கலைந்துபோகும். இப்போது தீர்வதற்கு ஒன்றும் இல்லாததால் காத்திருந்தன. அரைமணி நேரம். அதற்கடுத்த நாள் நாற்பது நிமிஷம். பின்னால் கூட்டம் ஏறிக்கொண்டே போயிற்று. சின்னவள் அவசர அவசரமாகத் தன் கணக்கில் ஞாபகம் என்று ஒரு விதியைச் சேர்த்து ஓட்டிப் பார்த்தாள். அவை மறக்கப் பத்தொன்பது நாள் ஆகும் என்று வந்தது. முன்னமே ஓட்டிப் பார்த்திருக்க வேண்டும்.

மூன்றாம் நாள் மூலை பூட்டிக்கொண்டது. திரையைப் பார்த்துக்கொண்டிருந்த சின்னவள் கத்தியதும் சூப்பர்வைசரும் மாமாவும் ஓடினார்கள். பின்னாலேயே அக்கா. நான்கு பேரும் குவியலைப் பின்பக்கத்திலிருந்து பிரித்தார்கள். கையில் கிடைத்ததை எடுத்து எடுத்துப் பின்னால் விட்டார்கள். முன்பக்கத்திலிருந்து இழுக்கக் கூடாது, இன்னும் இறுகும் என்று சின்னவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். மணலிடம் கற்றது. பத்து நிமிஷத்தில் கூட்டம் தளர்ந்தது. அடியில் ஒன்பது கோழிகள் செத்துக் கிடந்தன. முப்பது நாற்பது போயிருக்க வேண்டியது.

மாமா ஒன்பதையும் வரிசையாக வைத்தார். மேலங்கியெல்லாம் தூசும் இறகுமாக அங்கேயே மரத்தூளில் உட்கார்ந்தார். பிறகு, யாரும் கேட்காமலேயே, அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னார். வாளி, ஓட்டை, வியாழக்கிழமை நாற்காலி, ஒன்றையும் விடவில்லை. சூப்பர்வைசர் அந்த இடத்தை விட்டு நகரலாமா என்று பார்த்தார். கோழிகள் நகர விடவில்லை.

அக்கா செத்துக் கிடந்த ஒன்பதையும் ஒருமுறை எண்ணிப் பார்த்தாள். பேசியபோது எல்லோரும் எதிர்பார்த்ததைப் பேசவில்லை.

"இனிப்பில்லாம, உப்பில்லாம, ரெண்டு வருஷமா நானும் உங்ககூட அதையேதானே தின்னுட்டு இருக்கேன்," என்றாள். "ஒரு நாளாவது, இந்தா நீயும் ஒண்ணு எடுத்துக்கன்னு சொல்லணும்னு தோணலையா? கோழிக்குக் குடுக்கத் தோணியிருக்கு."

 மாமா தலையைக் குனிந்துகொண்டார். அவர் தோளில் ஒட்டியிருந்த இறகை அக்கா எடுத்துப்போட்டாள். அவ்வளவு கோபத்திலும் அவள் கை அந்த வேலையைச் செய்ததைச் சின்னவள் பார்த்தாள். அன்று சாயங்காலம் பாத்திரம் கழுவும்போது அக்கா தங்கையிடம் மட்டும் இன்னொன்றும் சொன்னாள். வியாழக்கிழமை கடைகளுக்குப் போகும்போது, முட்டை இறக்கி முடித்ததும், கடைசிக் கடைக்குப் பக்கத்தில் ஐஸ்கிரீம் நன்றாக இருக்கும். இரண்டு கரண்டி. இதை உன் கணக்கில் சேர்க்காதே என்றாள்.

ஞாபகம் மறையப் பத்தொன்பது நாள் காத்திருக்க முடியாது. ஓட்டையை அடைத்தாலும் கோழிகள் வந்து நிற்கும். இரண்டு நாள் சின்னவள் கணினியோடு மல்லுக்கு நின்றாள். கடைசியில் கிடைத்த வழி அவளுக்கே சிரிப்பாக இருந்தது. ஒரு மூலையில் ஒரு பிஸ்கட் இருப்பதுதான் ஆபத்து. கொட்டகையைச் சுற்றிலும் உள்ள தண்ணீர் ஓட்டைகளில் ஏழு இடங்களில், யாராலும் ஊகிக்க முடியாத நேரங்களில் பிஸ்கட் இருந்தால் ஆபத்தில்லை. நாலு இடம் போதாது, ஐந்தும் போதாது. ஏழில் எந்த இடத்திலும் பதினெட்டைத் தாண்டவில்லை. கோழிகளுக்கு எங்கே போவதென்று நிச்சயம் இருக்காது. நிச்சயம் இல்லாத கோழி இருந்த இடத்திலேயே கிளறிக்கொண்டிருக்கும்.

பிஸ்கட் வேண்டாம், அதே காகிதத்தில் உடைத்த சோளம் போதும் என்று சூப்பர்வைசர் சொன்னார். அவற்றுக்குச் சத்தம்தான் முக்கியம். யார் போய்ப் போடுவது என்ற கேள்வி எழவே இல்லை. மூன்று பேரும் மாமாவைப் பார்த்தார்கள்.

ஒவ்வொரு நாளும் காலையில் கணினி ஒரு அட்டவணை கொடுத்தது. 9.12, ஐந்தாம் இடம். 9.50, இரண்டாம் இடம். 11.03, மறுபடியும் ஐந்து. ஒரு நாளைக்குப் பதினான்கு முறை. மாமா பழைய பிஸ்கட் பாக்கெட்டைச் சரசரவென்று ஆட்டிக்கொண்டு, நூற்றெழுபது மீட்டர் சுற்றளவுள்ள கொட்டகையை அங்கும் இங்குமாக நடந்தார். பாக்கெட்டில் சோளத்தை அக்கா தன் கையாலேயே நிரப்பிக் கொடுத்தாள், வேறு எதுவும் உள்ளே போகக் கூடாதென்று. முதல் இரண்டு நாள் அவர் மூச்சிரைக்கத் திரும்பி வந்து, ஐந்தாம் இடத்திலிருந்து இரண்டுக்கு, இரண்டிலிருந்து மறுபடி ஐந்துக்கு என்று இருக்கிறதே, சேர்த்து ஒரே தடவையாக முடித்துவிடக் கூடாதா என்று கேட்டார். கூடாது என்று சின்னவள் விளக்கினாள். வசதி பார்த்தால் ஒழுங்கு வந்துவிடும், ஒழுங்கு வந்தால் கோழி கண்டுபிடித்துவிடும். கணினியே கொஞ்சம் இரக்கமில்லாத ஜென்மம் என்று மாமா முடிவுக்கு வந்தார்.

மூலைக்கூட்டம் நாலாம் நாள் பாதியானது. சின்னவள் விடுப்பை இரண்டாம் தடவையாக நீட்டித்தாள். பன்னிரண்டாம் நாள் இருபத்து மூன்றாம் கோழி மட்டும் போய் ஓட்டையைப் பார்த்துவிட்டு, தனியாகவே திரும்பி வந்தது. அந்த மாதம் குவியலில் ஒரு கோழியும் சாகவில்லை. அடுத்த முறை மருத்துவரிடம் போனபோது மாமாவின் சர்க்கரையும் இறங்கியிருந்தது. என்ன மருந்து மாற்றினீர்கள் என்று மருத்துவர் கேட்டதற்கு, சோளம் என்று மாமா சொல்லிவிட்டு வந்தார். அக்காதான் மறுபடி உள்ளே போய் விளக்கினாள்.

சின்னவள் ஆய்வுக்கூடத்துக்குத் திரும்பி எல்லாவற்றையும் கட்டுரையாக எழுதினாள். பன்னிரண்டு பேருக்குத் தெரிந்த ஒரு விஷயம் ஆறாயிரம் பேரை எப்படி நகர்த்துகிறது என்பதற்கு அவளிடம் இப்போது சமன்பாடு இருந்தது. வெளிப்புறத் தூண்டுதலுக்கு மா என்ற எழுத்தை வைத்திருந்தாள். அது எதைக் குறிக்கிறது என்று கூட வேலை செய்பவர்கள் கேட்டபோது, ஒரு மாறி என்று சொன்னாள். அதுவும் பொய்யில்லை. நன்றி சொல்லும் பத்தியில் சூப்பர்வைசரை முதலில் குறிப்பிட்டாள். அதைப் படித்துக் காட்டியபோது, அலகு உண்டா என்று அவர் விசாரித்தார். அடுத்த கட்டுரையில் நிச்சயம் உண்டு என்று வாக்குக் கொடுத்தாள்.

கேமராக்கள் கொட்டகையிலேயே இருந்தன. படங்கள் தினமும் அவள் மேசைக்கு வந்தன. ஆறாவது வாரம் நாலாம் இடத்தில் மட்டும் கூட்டம் மெல்ல ஏறுவதைப் பார்த்தாள். சதுர மீட்டருக்குப் பதினொன்று, பன்னிரண்டு, பதினான்கு. அட்டவணையில் தப்பில்லை. அம்புக்குறிகளைப் போட்டுப் பார்த்தாள். பிறகு மாமாவை அழைத்து, நாலாம் இடத்தில் ஏன் இருபது நிமிஷம் நிற்கிறீர்கள் என்று கேட்டாள்.

மறுமுனையில் பாக்கெட் சரசரப்பது சட்டென்று நின்றது.

"அங்க நல்ல காத்து வருதும்மா," என்றார் மாமா. "ஒரு நாற்காலி போட்டிருக்கேன். அதுங்களா சொல்லுச்சு?"

அவைதான் சொல்லின என்றாள் சின்னவள். மாமா நாற்காலியை எடுத்துவிடுவதாக ஒப்புக்கொண்டார். சொன்னபடி எடுத்தும்விட்டார். மறுநாள் நாலாம் இடத்தில் கூட்டம் இறங்கியது. அதற்கு மறுநாள் ஆறாம் இடத்தில் ஏறத் தொடங்கியது.